படுத்திருப்பவர் கையில் ஒரு பட்டன்

அம்மாவுக்கு 68 வயதில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. மதியம் தியேட்டரிலிருந்து கொண்டுவந்தபோது, முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் படுத்திருந்தாள். “இவ்வளவுதானா? இதுக்குப் போயா ரெண்டு வருஷமா பயந்துக்கிட்டு இருந்தேன்?” என்றுகூடக் கேட்டாள். சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ட்ரிப்ஸ் மாட்டும் கம்பியில் செங்கல் அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அம்மாவின் புறங்கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குப் போனது. இன்னொரு பக்கமிருந்து ஒரு வயர். அதன் முனையில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன். அதை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“வலிச்சா இதை அமுக்குங்கம்மா. மருந்து தானா உள்ள போகும். எத்தனை தடவை வேணும்னாலும் அமுக்கலாம். அளவுக்கு மேல அது குடுக்காது.”

அம்மா தலையாட்டினாள். டாக்டர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் கேட்டாள்: “இதை அமுக்கினா சிஸ்டர் வருவாங்களா?”

கட்டிலோரம் தொங்கும் அழைப்பு மணியும் இந்தப் பட்டனும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வலியில் இருப்பவர் மணியை அமுக்கிவிட்டு மருந்து வரும் என்று காத்திருப்பதும், நர்ஸைக் கூப்பிட நினைத்து மருந்தை அமுக்கிவிடுவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். அம்மாவின் சங்கடம் அதைவிடப் பெரியது. அது மணி என்று நினைத்துக்கொண்டு, அமுக்காமலேயே ஒரு மணி நேரம் படுத்திருந்திருக்கிறாள். “பாவம், அந்தப் பொண்ணு ஒத்தையா பன்னெண்டு பேரைப் பாக்குது. நான் வேற கூப்பிடணுமா?” என்பது அவள் சொன்ன காரணம். வரிசையாக நோயாளிகள் படுத்திருக்கும் எல்லா வார்டுகளிலும் இந்தக் காரணம் முனகலோடு முனகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பட்டன் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கத்தான்.

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கையில் கட்டும் பட்டை. சர்க்கரைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். வலிக்கு? நாடி வேகமாக ஓடலாம், வியர்க்கலாம், முகம் சுளிக்கலாம். இவை எதுவும் இல்லாமலும் ஒருவருக்கு உயிர்போகிற வலி இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். நவீன மருத்துவம் இந்த எளிய உண்மையை ஏற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட காலம் மிக அதிகம் என்பது என் எண்ணம். அதற்குள் எத்தனையோ லட்சம் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இரவுகளைக் கழித்துவிட்டார்கள்.

பழைய முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அறுவை முடிந்ததும் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார்: பெத்திடின் அல்லது மார்ஃபின், இவ்வளவு மில்லிகிராம், தசையில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால். அந்தக் கடைசிச் சொல்லில்தான் சிக்கல். யாருக்குத் தேவைப்பட்டால்? வலி வருகிறது. நோயாளி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறார். தாங்காமல் கூப்பிடுகிறார். நர்ஸ் வேறொரு கட்டிலில் இருக்கிறார். வந்து பார்க்கிறார், போன ஊசி எப்போது போட்டது என்று ஷீட்டைப் புரட்டுகிறார். நேரம் ஆகவில்லை என்றால் “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா” என்கிறார். நேரம் ஆகியிருந்தால் பூட்டிய அலமாரியின் சாவியைத் தேட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், மருந்தை உறிஞ்சி எடுத்துவந்து தொடையிலோ இடுப்பிலோ குத்த வேண்டும். குத்திய மருந்து தசையிலிருந்து ரத்தத்துக்கு ஏறி மூளைக்குப் போக மேலும் அரைமணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகு வலி அடங்கி, அதோடு தலைசுற்றலும் குமட்டலும் வந்து, தூங்கி விழிக்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்தச் சங்கிலியில் யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு கண்ணியும் நியாயமானது. மொத்தமாகப் பார்த்தால் வலிக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி நிற்கிறது.

1973ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் மார்க்ஸ், எட்வர்ட் சாச்சார் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். அபின் வகை வலிநிவாரணி பெற்றுக்கொண்டிருந்த 37 உள்நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசியதுதான் ஆய்வு. அவர்களில் 32 சதவீதம் பேர் கடும் வேதனையிலும், மேலும் 41 சதவீதம் பேர் நடுத்தர வேதனையிலும் இருந்தார்கள். மருந்து எழுதப்பட்டிருந்தது, கொடுக்கப்பட்டும் இருந்தது. வலி மட்டும் போகவில்லை. டாக்டர்களைக் கேட்டபோது காரணம் தெரிந்தது. தேவையான அளவைக் குறைவாகவும், மருந்து வேலை செய்யும் நேரத்தை அதிகமாகவும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடும் ஆபத்தை மிக மிக அதிகமாகவும் அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள்.

அது மனிதர்கள் பக்கத்துப் பிழை. மருந்து உடலுக்குள் நடந்துகொள்ளும் விதத்தில் இன்னொரு பிழை இருந்தது. அதை 1980ல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின், ஸ்டேப்பிள்டன், மேதர் மூவரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறுவை முடிந்தவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் பெத்திடினைத் தசையில் போட்டு, அடிக்கடி ரத்தம் எடுத்து, அதிலுள்ள மருந்தின் அளவையும் அதே நேரத்தில் நோயாளி சொல்லும் வலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று. கிடைத்த விடை அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. மருந்தின் அளவு அதற்குக் கீழே இருக்கும்வரை வலி அப்படியே இருக்கிறது. கோட்டைத் தாண்டியதும் போய்விடுகிறது. மலையேறுவதுபோலப் படிப்படியாக இல்லை, சுவிட்சைப் போட்டதுபோல. ‘தாங்க முடியவில்லை’ என்பதற்கும் ‘இப்போது பரவாயில்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம், மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 0.05 மைக்ரோகிராம் என்ற அளவில் இருந்தது. அந்தக் கோடு ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருந்தது. தசையில் போட்ட ஊசியோ, ஒரே ஆளுக்கே ஒரு தடவை உச்சத்துக்குப் போய், அடுத்த தடவை பாதியில் நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு மணி நேர இடைவெளியில் சுமார் 35 சதவீத நேரம்தான் மருந்து கோட்டுக்கு மேலே இருந்தது. மீதி நேரம் ஊசி போட்டும் போடாததுபோலத்தான்.

வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு இது புரியும். நான்கு நாளைக்கு ஒருமுறை மடையை முழுசாகத் திறந்துவிட்டால் முதல் நாள் பயிர் மூழ்கும், கடைசி இரண்டு நாள் வாடும். கொஞ்சம் கொஞ்சமாக, காயும்போதெல்லாம் விட்டால் அதே தண்ணீரில் பயிர் தழைக்கும். ஆனால் காய்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வது?

ஆளுக்கு ஆள் வேறுபாடு என்று சொன்னேன். அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைப் பிறகு அதே நாட்டின் அடிலெய்டு நகரில் மெக்கின்டயரும் ஜார்விஸும் 1996ல் காட்டினார்கள். ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அறுவைக்குப் பிந்தைய முதல் நாளில் தேவைப்படும் மார்ஃபினை உடல் எடையைவிட வயது நன்றாக முன்கூட்டிச் சொன்னது. பெரியவர்களுக்கு ஒரு எளிய சூத்திரமும் கிடைத்தது: நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவது, 24 மணி நேரத்துக்குச் சராசரியாகத் தேவைப்படும் மில்லிகிராம். முப்பது வயதுக்காரருக்கு 70. என் அம்மாவுக்கு 32. ஆனால் இது சராசரி மட்டும். ஒரே வயதுள்ளவர்களுக்குள்ளேயே குறைவாக எடுத்தவருக்கும் அதிகமாக எடுத்தவருக்கும் பத்து மடங்கு வரை வித்தியாசம் இருந்தது.

ஏன்? ஒரு விடை ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வந்தது. 1982ல் டாம்சன் குழுவினர் அறுவைக்கு முன்பே நோயாளிகளின் தண்டுவடத் திரவத்தை எடுத்து, உடலே சுரக்கும் வலிநிவாரணிகளான எண்டார்ஃபின்களை அளந்துவைத்தார்கள். அறுவைக்குப் பிறகு மருந்தை நோயாளிகளே வேண்டியமட்டும் எடுத்துக்கொண்டார்கள். எண்டார்ஃபின் குறைவாக இருந்தவர்கள் அதிக மருந்து எடுத்தார்கள். நிறைய இருந்தவர்கள் குறைவாக எடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே அறுவை முடிந்து இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் பேப்பர் படிக்கிறார், இன்னொருவர் துடிக்கிறார். துடிக்கிறவரைப் பார்த்து “அவரைப் பாருங்க, எவ்வளவு தைரியமா இருக்கார்” என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உப்சாலாவின் அளவீடுகளைப் படித்த பிறகு அந்த வாக்கியத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, கத்தி படுவதற்கு முன்பே தண்டுவடத் திரவத்தில் இருந்தது.

பட்டனின் கதை இதற்கெல்லாம் கொஞ்சம் முந்தியது. 1963ல் அமெரிக்க இதய அறுவை நிபுணர் பென்சன் ரோ, தசையில் மொத்தமாகப் போடுவதைவிட நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் குறைந்த மருந்திலேயே வலி தணிகிறது என்று காட்டினார். சரி, ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யார் ஊசியோடு நிற்பது? இன்னொரு அமெரிக்கரான ஃபிலிப் செக்சர் முதலில் ஒரு நர்ஸையே நிறுத்தினார். நோயாளி கேட்டவுடன் அவர் நரம்பில் சிறு அளவு செலுத்துவார். 1968ல் அதைப் பற்றி எழுதிய செக்சர், 1971க்குள் அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார். கவனிக்க வேண்டிய விஷயம், அந்த 1968 கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு வலியைப் புறவயமாக அளப்பது பற்றியது. வலியை ஆற்றும் கருவியைத் தேடும்போதே அளக்கும் கருவியையும் அவர் கண்டுவிட்டார். எத்தனை முறை கேட்கிறார் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கையே தெர்மாமீட்டர்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் கனடாவிலும் வேறு சிலர் இதே யோசனைக்கு வந்துசேர்ந்தார்கள். அவர்களில் சிலருடைய அக்கறை பிரசவ வலியில் இருந்தது. 1976ல் வேல்ஸின் காடிஃப் நகரில் மைக்கேல் ரோசனும் கூட்டாளிகளும் பிரசவ அறைக்கென்று உருவாக்கிய ‘காடிஃப் பேலியேட்டர்’, விற்பனைக்கு வந்த முதல் கருவி ஆனது. அதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டனை ஒரு நொடிக்குள் இரண்டு தடவை அமுக்கினால்தான் மருந்து போகும். தூக்கத்தில் கைபட்டோ, புரண்டு படுக்கும்போது உடம்பு அழுத்தியோ மருந்து போய்விடக் கூடாது என்பதற்காக. கேட்பவர் விழித்திருக்க வேண்டும், வேண்டுமென்றே கேட்க வேண்டும்.

இப்போது அம்மாவின் கட்டிலோரப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உள்ளே 50 மில்லி சிரிஞ்ச், அதில் மில்லிக்கு 1 மில்லிகிராம் வீதம் கலந்த மார்ஃபின். நம்மூரில் பல இடங்களில் மார்ஃபினுக்குப் பதில் ஃபென்டனில் வைக்கிறார்கள்; முறை ஒன்றுதான். டாக்டர் இரண்டு எண்களைப் பெட்டிக்குள் பதிகிறார். ஒன்று, ஒரு தடவைக்கு எவ்வளவு. இரண்டு, கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் கதவைச் சாத்திவைப்பது. மார்ஃபினுக்கு வழக்கமான எண்கள் 1 மில்லிகிராம், 5 முதல் 10 நிமிஷம். அம்மாவுக்கு 10.

ஒரு மில்லிகிராம் என்பது சும்மா வந்த எண் இல்லை. 1989ல் ஓவன் குழுவினர் அரை, ஒன்று, இரண்டு என்று மூன்று அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மில்லிகிராமில் சிலருக்கு மூச்சு மந்தமானது. அரை மில்லிகிராமில் வலி சரியாக அடங்கவில்லை. இரண்டு மடங்கு தடவை அமுக்கி ஈடுகட்டியிருக்கலாமே என்று தோன்றும். அவர்கள் அப்படி அமுக்கவில்லை. அமுக்கியும் வலி குறையாவிட்டால் மனிதர் பட்டனையே கைவிட்டுவிடுவார். கூப்பிட்டும் வராதவரை மறுபடி கூப்பிட யாருக்கு மனசு வரும்?

சாத்திய நேரத்துக்குள் எத்தனை தடவை அமுக்கினாலும் மருந்து வராது. நரம்பில் போன மார்ஃபின் முழுப்பலனைக் காட்டப் பதினைந்து, இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து அமுக்கிக்கொண்டே போனால் பின்னால் எல்லாம் சேர்ந்து ஏறும். ஆனால் அந்த வீண் அமுக்கல்களையும் பெட்டி எண்ணிவைத்துக்கொள்கிறது. ‘கேட்டது’ ஒரு எண், ‘கிடைத்தது’ ஒரு எண். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நோயாளிக்கு அளவு சரியாக இருக்கிறது. கேட்டது நாற்பது, கிடைத்தது பன்னிரண்டு என்றால் ஒன்று அளவு போதவில்லை, இல்லாவிட்டால் அவருக்குப் பட்டனைச் சரியாக விளக்கவில்லை. எதுவானாலும் யாராவது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம்.

குழாயில் இரண்டு சின்ன வால்வுகள் இருக்கின்றன. பார்த்தால் குழாயின் ஒரு முடிச்சுபோலத்தான் தெரியும். ஒன்று, ட்ரிப்ஸ் குழாய்க்குள் மருந்து பின்னோக்கி ஏறாமல் தடுப்பது. கையிலுள்ள ஊசி அடைத்துக்கொண்டால், பம்ப் தள்ளும் மருந்து வேறு வழியில்லாமல் ட்ரிப்ஸ் குழாயில் மேலேறிச் சேர்ந்துவிடும்; அடைப்பு நீங்கியதும் சேர்ந்த அத்தனையும் ஒரே மூச்சில் உடம்புக்குள் போகும். மற்றொன்று, கட்டிலைவிட உயரத்தில் மாட்டிய சிரிஞ்சிலிருந்து மருந்து தன் எடையாலேயே கீழே வடிந்துவிடாமல் தடுப்பது. சிரிஞ்சில் மயிரிழை அளவு விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அப்படி வடியும். இந்த இரண்டு முடிச்சுகளுக்காகவும் நான் நன்றியோடு இருந்தேன்.

வலிதாங்காத ஒருவரிடம் மார்ஃபின் சாவியைக் கொடுக்கலாமா? இதைக் கேட்காதவர் இல்லை. அதற்கான பதிலை அன்றிரவு பதினோரு மணிக்கு ஒரு நர்ஸ் எங்களுக்குச் சொன்னார்.

அம்மா பட்டனைப் புரிந்துகொண்டு இரண்டு தடவை அமுக்கிவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் அம்மாவின் நெற்றி சுருங்கியது. “வலிக்குது போல. நாமளே ஒண்ணு அமுக்கிவிட்டா நிம்மதியா தூங்குவால்ல” என்று அம்மாவின் கையிலிருந்த பட்டனைத் தொட்டாள். சார்ட் எழுத வந்த சிஸ்டர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

“அக்கா, அதை நீங்க தொடவே கூடாது. அவங்க தூங்குறாங்கல்ல? தூங்குறாங்கன்னா அவங்களுக்கு இப்ப வேணாம்னு அர்த்தம்.”

மயக்கவியல் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இதைத்தான். தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தி கடக்கும் இடங்களில் ஒருவகைப் புரத வாசல்கள் இருக்கின்றன. மார்ஃபின் அவற்றில் போய் உட்கார்ந்து செய்தியைத் தணிக்கிறது. அதே வாசல்கள் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தைப் போடும் செல்களிலும் இருக்கின்றன. அதனால்தான் அளவு மீறினால் மூச்சு குறைகிறது. ஆனால் அந்த நிலைக்குப் போகும் வழியில், பொதுவாக, முதலில் உறக்கம் வரும். உறங்குகிறவர் பட்டனை அமுக்க மாட்டார். அமுக்காவிட்டால் மருந்து போகாது. இருக்கும் மருந்து கரைந்து, வலி எழுப்பி, விழித்த பிறகுதான் அடுத்தது. இயந்திரத்தின் பூட்டு இரண்டாவது காவல்தான். முதல் காவல் நோயாளியின் கண்ணிமை.

வேறொரு கை உள்ளே வந்தால் இந்தக் காவல் உடைந்துவிடுகிறது. அன்போடு நீளும் கைதான் இதில் மிக ஆபத்தானது. மகள், கணவன், ‘தூங்கட்டும்’ என்று நினைக்கும் நர்ஸ்கூட. அப்படி அமுக்கியதால் மூச்சு நின்றுபோன சம்பவங்கள் தொடர்ந்து பதிவானதால், அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004 டிசம்பரில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பட்டனை நோயாளி மட்டுமே அமுக்க வேண்டும். விடிய விடிய விழித்திருந்து கால் பிடித்துவிடுவதும், நெற்றி தடவுவதும், நாமே ஊட்டிவிடுவதும்தான் பாசம் என்று வளர்ந்த குடும்பங்களில் இந்த விதியைச் சொல்லிப் புரியவைப்பது எளிதில்லை. அக்கா அன்று அழுதேவிட்டாள்.

இதே காரணத்தால்தான், பட்டனோடு சேர்த்துப் பின்னணியில் தொடர்ந்து மருந்து ஓடும்படி வைப்பதை இப்போது பெரும்பாலோருக்குத் தவிர்க்கிறார்கள். தூங்கும்போது வலி எழுப்பிவிடுகிறதே என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு அது. தூங்கினாலும் நிற்காத மருந்து, பட்டனின் முதல் காவலைத் தூக்கியெறிந்துவிடுகிறது. குறட்டையோடு மூச்சுத் தடைபடும் கோளாறு உள்ளவர்கள், தள்ளாத வயதினர், சிறுநீரகம் பழுதடைந்து மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கிவிடுகிறவர்கள், தூக்க மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்கள் ஆகியோருக்குப் பட்டன் மட்டும் போதாது. மணிக்கு ஒருமுறை யாராவது வந்து எழுப்பிப் பார்த்து, மூச்சை எண்ண வேண்டும். இயந்திரத்தில் எண்ணைத் தவறாகப் பதிவதும் உயிரை எடுத்திருக்கிறது. சிரிஞ்சில் மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்க, பெட்டியிடம் 1 என்று சொன்னால், ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஐந்து மடங்கு போகும். பெட்டி தன் கணக்குப்படி எல்லாம் சரி என்றே காட்டும். அதனால்தான் இரண்டு நர்ஸுகள் சேர்ந்து நின்று லேபிளையும் திரையையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுகிறார்கள். மயக்கம் மிஞ்சினால் முறிக்க நலாக்சோன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் லாபம் எவ்வளவு? 2015ல் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 49 ஆய்வுகளை, இரு தரப்பிலுமாக 3,400 பேரின் அனுபவத்தை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நூறு புள்ளி அளவுகோலில், பட்டன் வைத்திருந்தவர்களின் வலி, பழைய முறையில் மருந்து பெற்றவர்களின் வலியைவிடச் சுமார் பத்துப் புள்ளி குறைவாக இருந்தது. மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்திருந்தார்கள். அரிப்பும் கொஞ்சம் அதிகம். பத்துப் புள்ளி பெரிய விஷயம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் திருப்தியா என்று கேட்டபோது, பட்டன்காரர்களில் 81 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மற்றவர்களில் 61.

வலி பத்துப் புள்ளி குறைந்ததற்கு திருப்தி இவ்வளவு ஏறுமா? இந்த இடத்தில் மனம் உள்ளே வருகிறது. 1980களில் கலிஃபோர்னியாவில் ஜான் லெவீனும் நியூட்டன் கார்டனும் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் ஒன்றைச் சோதித்தார்கள். சிலருக்கு மறைவிலிருந்து, எப்போது போகிறது என்று தெரியாமல் மார்ஃபின் செலுத்தினார்கள். சிலருக்குக் கண்ணெதிரே, வலிக்கு மருந்து போடுவதுபோல வெறும் உப்புநீர் போட்டார்கள். கண்ணெதிரே போன உப்புநீரின் பலன், மறைவில் போன 6 முதல் 8 மில்லிகிராம் மார்ஃபினின் பலனுக்குச் சமமாக இருந்தது. ‘மருந்து வந்துவிட்டது’ என்று தெரிவதே உடலுக்குள் ஏதோ ஒன்றைத் திறந்துவிடுகிறது. பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தெரிதல் நிகழ்கிறது.

ஆனால், அதிகாரம் தன் கைக்கு வந்ததால் நோயாளி மகிழ்கிறார் என்று நாம் நினைப்பது பாதிதான் சரி. 1996ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பட்டன் வைத்திருந்தவர்களிடம் அது ஏன் பிடித்திருந்தது என்று விரிவாகப் பேசிக் கேட்டார்கள். கட்டுப்பாடு என் கையில் இருந்தது என்ற பேச்சு அங்கே பெரிதாக எழவில்லை. நர்ஸிடம் போய் எனக்கு வலிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் பன்னெண்டு பேர் கணக்கு நினைவுக்கு வந்தது.

அடிமையாகிவிட மாட்டாளா என்று அக்காவும் கேட்டாள், சித்தப்பாவும் போனில் கேட்டார். 1980ல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் அபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவு என்றது அது. அந்தக் கடிதம் சொன்னது மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பற்றி மட்டுமே. பிறகு அதையே சான்றாகக் காட்டி, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் ஆபத்தில்லை என்று அமெரிக்காவில் பரப்பினார்கள். அதன் விளைவை அந்த நாடு இன்னும் அனுபவிக்கிறது. இந்தியாவில் பிழை எதிர்ப்பக்கம் நடந்தது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே அபின் ஆலை நடத்தும் நாட்டில், 1985ன் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்த உரிமங்களின் நெருக்கடியில் மருத்துவமனை அலமாரிகளில் மார்ஃபின் அருகிப்போனது. புற்றுநோயாளிகள் அலறிக்கொண்டே செத்தார்கள். திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு மூன்று நாள், டாக்டர் கண்காணிப்பில், காயம் ஆறும்வரை எடுக்கும் மருந்துக்கும் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரத்தை சித்தப்பாவுக்கு விளக்கினேன். முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது.

முதுகு ஊசியோடு தொடையிலும் போட்டிருந்த மரப்பு ஊசியின் பலனும் இரவு இரண்டு மணிக்கு விட்டுப்போனது. அறுவையின் நிஜமான வலி அப்போதுதான் அம்மாவை வந்தடைந்தது என்று பிறகு புரிந்தது. நான் நாற்காலியிலேயே அசந்துவிட்டிருந்தேன். மூன்று மணிக்கு சிஸ்டர் வந்து “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டதும், அம்மா “பரவால்லம்மா” என்றதும் அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது.

காலையில் டாக்டர் வந்தார். அம்மாவிடம் எதுவும் கேட்பதற்கு முன் பெட்டியின் மேலிருந்த ஒரு பொத்தானைத் தட்டினார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ராத்திரி ரெண்டுலேருந்து மூணுக்குள்ள மட்டும் பதினோரு தடவை கேட்டிருக்கீங்கம்மா. அஞ்சு தடவைதான் கிடைச்சிருக்கு.”

அம்மா பெட்டியைப் பார்த்தாள். “அதெல்லாம் அதுல எழுதியிருக்கா?”

“எல்லாம் இருக்கும்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, சிஸ்டர் பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, “வலிச்சுதுதான்” என்றாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.